குப்பியிலிருந்து உயிரணுத் தட்டு வரை: உறையுலர்த்திய மறுசேர்க்கை மனிதப் புரதங்களைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

சைட்டோகைன்கள் (உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் சிறு புரதங்கள்), வளர்ச்சிக் காரணிகள் போன்ற மறுசேர்க்கை மனிதப் புரதங்கள், அதாவது மனித மரபணுவை வேறோர் உயிரணுவில் புகுத்தி உருவாக்கியவை, ஆய்வகத்துக்கு வரும்போது பெரும்பாலும் பத்து அல்லது ஐம்பது மைக்ரோகிராம் அளவில், உறையுலர்த்திய நிலையில், ஒரு சிறு குப்பிக்குள் வருகின்றன. அதைக் கரைத்து, பிரித்து, உறையவைத்து, நீர்த்து உயிரணுக்களுக்குக் கொடுப்பதற்கு இடையில் புதியவர்கள் புரதத்தின் பெரும்பகுதியைத் தங்களை அறியாமலே இழந்துவிடுகிறார்கள். பிறகு உயிரணுக்கள் பதில் தரவில்லை என்றோ, புரதம் தரமற்றது என்றோ முடிவு செய்கிறார்கள். நான் உடனிருந்து பார்த்த தோல்விகளில் மிகப் பல, குப்பி திறக்கப்பட்ட முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்து முடிந்தவை. ஆகவே இங்கே படிகளின் வரிசைக்கே முதன்மை கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டி.என்.எஃப். ஆல்ஃபாவின் ஐம்பது மைக்ரோகிராம் குப்பி ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்துக்கொள்கிறேன். மாறுபட்ட நடத்தை உள்ள பிற புரதங்களை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, புரதம் எந்த உயிரணுவில் உருவாக்கப்பட்டது என்பது. ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாகும் புரதத்துக்குச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்காது, எச்.இ.கே.293, சி.எச்.ஓ. போன்ற பாலூட்டி உயிரணுக்களில் உருவாகும் புரதத்துக்கு இருக்கும். டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்.-2 (இன்டர்லூக்கின்-2) போன்றவை சர்க்கரைச் சங்கிலி இல்லாமலே நன்றாகச் செயல்படுகின்றன. அதனால் பாக்டீரியாப் புரதமே போதும். ஆனால் ஒரு ஏற்பியின் வெளிப்பகுதியை வாங்கி அதனுடன் எதிர்ப்பொருள் பிணைவதை அளக்கப்போகிறீர்கள் என்றால், பாலூட்டி உயிரணுவில் உருவானதையே வாங்குவது நல்லது. மனித உடலில் அந்தப் புரதம் இருக்கும் வடிவத்துக்கு அதுவே நெருக்கமானது.

இரண்டாவது கேள்வி, புரதத்தோடு வால் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது. ஹிஸ்டிடின் வால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. எதிர்ப்பொருளின் எஃப்.சி. பகுதி ஒட்டப்பட்ட புரதத்தை மேக்ரோஃபேஜ், மோனோசைட் போன்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்குக் கொடுத்தால் அவற்றின் எஃப்.சி. ஏற்பிகளும் அதைப் பிடிக்கும். காணும் விளைவு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட புரதத்தை வாங்கினால், எஃப்.சி. பகுதியை மட்டும் கொண்ட கட்டுப்பாட்டுப் புரதத்தையும் அதே ஆணையில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி, புரதம் சுவரில் ஒட்டி இழக்கப்படாமல் காக்கச் சேர்க்கும் தாங்குபுரதம் குப்பியில் உள்ளதா இல்லையா என்பது. தாங்குபுரதம் என்பது பெரும்பாலும் மாட்டு ஆல்புமினான பி.எஸ்.ஏ. ஒரு மைக்ரோகிராம் சைட்டோகைனுக்கு ஐம்பது மைக்ரோகிராம் பி.எஸ்.ஏ. என்ற விகிதத்தில் சேர்ப்பது வழக்கம். உயிரணு வளர்ப்புக்கு அது உதவியே செய்யும். புரதத்தில் பயோட்டின் அல்லது ஒளிர்சாயம் ஏற்றுவதற்கோ, எதிர்ப்பொருளால் புரதத்தை அளக்கும் எலைசா தட்டில் பூசுவதற்கோ அது உதவாது. சாயம் முழுவதும் ஆல்புமினில் ஏறிவிடும்.

நான்காவது கேள்விதான் மிக அதிகமாக மறக்கப்படுகிறது: உங்கள் உயிரணு எந்த உயிரினத்தினுடையது? மனித ஐ.எல்.-2 எலியின் உயிரணுக்களிலும் வேலை செய்யும். மனித ஐ.எல்.-6 எலி உயிரணுக்களில் வேலை செய்யும், எலியின் ஐ.எல்.-6 மனித உயிரணுக்களில் வேலை செய்யாது. மனித இன்டர்ஃபெரான் காமா எலி உயிரணுக்களில் வேலை செய்வதில்லை. மனித டி.என்.எஃப். ஆல்ஃபா எலியின் முதல் வகை ஏற்பியோடு பிணையும், இரண்டாம் வகை ஏற்பியோடு பிணையாது. இது பாதி விளைவை மட்டும் காட்டிக் குழப்பும். எலி மேக்ரோஃபேஜ்களுக்கு மனித இன்டர்ஃபெரான் காமாவைக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்த ஒரு மாணவியை நான் அறிவேன். அவருடைய கைவேலையில் எந்தப் பிழையும் இல்லை. வாங்கும் படிவத்தில் ஒரு சொல் மட்டுமே தவறாக இருந்தது.

2. பொதி வந்த நாளில் செய்ய வேண்டியவை

உறையுலர்த்திய புரதம் அறை வெப்பத்தில் சில நாட்களைத் தாங்கும். இறக்குமதிப் பொதி சுங்கத்தில் இரண்டு நாள் தங்கி, பனிக்கட்டிப் பை உருகிய நிலையில் வந்து சேர்ந்தாலும் பதற வேண்டியதில்லை. கரைசலாக அனுப்பப்படும் புரதத்துக்கு இந்தச் சலுகை கிடையாது; அது உலர்பனியில் வந்திருக்க வேண்டும், உலர்பனி மிச்சமும் இருக்க வேண்டும். பொதியைத் திறந்ததும் ஒரு படம் எடுத்து வைப்பது, பின்னால் மாற்றுக் குப்பி கேட்க நேர்ந்தால் உதவும்.

குப்பியின் மீதுள்ள லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே லாட்டுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். பொதுவான தரவுத்தாளும் லாட் சான்றிதழும் ஒன்றல்ல. செயல்திறனும் எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சுப்பொருள், எட்டாம் பகுதியில் விளக்கம்) அளவும் லாட்டுக்கு லாட் மாறக்கூடியவை. சில நேரங்களில் கரைக்கச் சொல்லும் செறிவும் மாறும்.

குப்பியை உடனே திறக்க வேண்டாம். திட்டமும் கணக்கும் முடியும் வரை அது தரவுத்தாள் சொல்லும் குளிரில் அப்படியே இருக்கட்டும். கரைத்த கணத்திலிருந்துதான் அதன் ஆயுள் குறையத் தொடங்குகிறது.

3. குப்பியைத் திறக்கும் முன் முடிக்க வேண்டிய கணக்கு

மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: ஒரு சோதனைக்கு எவ்வளவு புரதம் வேண்டும், ஸ்டாக் கரைசலின் (சேமித்து வைக்கும் செறிந்த கரைசலின்) செறிவு என்ன, ஒரு சிறுபங்கில் எத்தனை மைக்ரோலிட்டர் இருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில், இருபத்துநான்கு குழித் தட்டு ஒன்றில் குழிக்கு அரை மில்லிலிட்டர் ஊடகம் என்றால் தட்டுக்குப் பன்னிரண்டு மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்ற செறிவில் முழுத் தட்டுக்கும் தேவைப்படுவது 120 நானோகிராம் மட்டுமே. ஐம்பது மைக்ரோகிராம் குப்பியை 500 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஸ்டாக் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகிறது. அதை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்தால் பங்குக்கு 2 மைக்ரோகிராம் வரும். இருபத்துநான்கு பங்குகளும் சோதித்துப் பார்க்கக் கொஞ்சமும் கிடைக்கும்.

ஒரு பங்கு பல தட்டுகளுக்குப் போதுமே, இன்னும் நீர்த்து இன்னும் அதிகப் பங்குகள் செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். செறிவு குறையக் குறையக் குழாயின் சுவரில் ஒட்டும் புரதத்தின் விகிதம் கூடுகிறது. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமில் சுவர் பறித்துக்கொள்வது சிறு பங்கு. 100 நானோகிராமில் அதுவே பெரும்பங்காகிவிடலாம். அதே காரணத்தால் ஐந்து மைக்ரோலிட்டர் போன்ற மிகச் சிறு பங்குகளும் கூடாது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் அவற்றின் பரப்பு மிக அதிகம், உறைகலத்தில் நீர் ஆவியாகிச் செறிவும் மாறும்.

மோலார் கணக்குக்கு எளிய வழி உண்டு: மில்லிலிட்டருக்கான நானோகிராம் எண்ணைப் புரதத்தின் மூலக்கூறு எடையான கிலோடால்டன் எண்ணால் வகுத்தால் நானோமோலார் வரும். டி.என்.எஃப். ஆல்ஃபாவின் ஒரு சங்கிலி ஏறத்தாழ 17.5 கிலோடால்டன், ஆகவே மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்பது சங்கிலிக் கணக்கில் 0.57 நானோமோலார். அது மூன்று சங்கிலிகள் சேர்ந்த வடிவில்தான் ஏற்பியைத் தூண்டுகிறது என்பதால், மூவடிவக் கணக்கில் 0.19 நானோமோலார். எந்தக் கணக்கை எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

சில செய்முறைகள் எடையைச் சொல்லாமல் அலகைச் சொல்லும். டி உயிரணு வளர்ப்பில் ஐ.எல்.-2 அப்படித்தான் குறிக்கப்படுகிறது. மருந்தாகப் பயன்படும் ஆல்டெஸ்லூகினில் 1.1 மில்லிகிராம் என்பது 1 கோடியே 80 லட்சம் பன்னாட்டு அலகுகளுக்குச் சமம். அதாவது மில்லிலிட்டருக்கு 100 அலகு என்பது ஏறத்தாழ 6 நானோகிராம். நிறுவனங்கள் தம் சொந்த அளவுகோலில் தரும் அலகுகளும் பன்னாட்டு அலகுகளும் ஒன்றல்ல என்பதால், உங்கள் லாட்டின் சான்றிதழில் உள்ள மாற்று எண்ணையே எடுக்க வேண்டும்.

4. மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

குறைந்த அளவு புரதமே ஒட்டக்கூடிய பாலிபுரோப்பிலீன் குழாய்கள், தேவையான எண்ணிக்கையில், பெயரும் லாட்டும் செறிவும் தேதியும் முன்பே எழுதப்பட்டு, குளிர்த்தாங்கியில் வரிசையாக இருக்க வேண்டும். கரைத்த பிறகு எழுத உட்கார்ந்தால் புரதம் காத்திருக்க நேரும். அவசரத்தில் செறிவு தவறாகவும் எழுதப்படும்.

கரைப்பான், நுண்ணுயிர் நீக்கிய, எண்டோடாக்சின் குறைந்த பி.எஸ்.ஏ., வடிகட்டித் துண்டு உள்ள பைப்பெட் முனைகள், சிறு சென்ட்ரிஃபியூஜ், பனிக்கட்டி ஆகியவையும் வேண்டும். கரைப்பானைத்தான் முன்கூட்டி வடிகட்டித் தூய்மையாக்க வேண்டுமே தவிர, கரைத்த புரதத்தை வடிகட்டக் கூடாது. ஐம்பது மைக்ரோகிராம் புரதத்தை வடிதாள் வழியே தள்ளினால் அதில் எவ்வளவு மறுபக்கம் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கரைப்பானைத் தேர்வதில் பழக்கத்தை நம்பாமல் தரவுத்தாளைப் பின்பற்றுங்கள். டி.என்.எஃப். ஆல்ஃபாவுக்குப் பாஸ்பேட் உப்புக் கரைசலோ தூய நீரோ பரிந்துரைக்கப்படும். ஐ.எல்.-2 நீரை வெறுக்கும் தன்மை மிகுந்தது; அதற்குப் பல நிறுவனங்கள் 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலம் சொல்கின்றன. டி.ஜி.எஃப். பீட்டா-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பி.எஸ்.ஏ.வும் வேண்டும், நடுநிலைக் கரைசலில் அது திரண்டு சுவரில் ஒட்டிவிடுகிறது. அமிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஊடகத்தில் பல்லாயிரம் மடங்கு நீர்க்கும்போது அதன் தாக்கம் மறைந்துவிடும். இருந்தாலும் அதே அமிலத்தைக் கட்டுப்பாட்டுக் குழியிலும் சேர்க்க வேண்டும்.

5. சுழற்றுதல், திறத்தல், கரைத்தல்

குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சில நொடிகளில் நடக்கும்.

திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். ஐம்பது மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. டிரெஹலோஸ், மேனிட்டால் போன்றவை சேர்ந்திருந்தால் வெண்மையான கட்டி தெரியும்; இல்லாவிட்டால் சுவரில் மெல்லிய படலமாகவோ மூடியில் ஒட்டிய துகளாகவோ இருக்கும். குப்பி காலியாக இருக்கிறது என்று எண்ணித் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

கரைப்பானைச் சுவரோரமாக மெதுவாக விட்டு, குப்பியைச் சாய்த்துச் சுற்றி உள்சுவர் முழுவதும் நனையும்படி செய்யுங்கள். மூடியின் உட்புறமும் நனைய வேண்டும். பிறகு பதினைந்து முதல் முப்பது நிமிடம் அசையாமல் வையுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வைப்பதும் பைப்பெட்டால் வேகமாக ஏற்றி இறக்குவதும் கூடாது. நுரை வந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து உருக்குலைகிறது. அந்த இழப்பை மீட்க முடியாது.

கரைசல் தெளிவாக இருக்க வேண்டும். நூல்போன்ற துணுக்குகள் மிதந்தால் குளிர்ப்பெட்டியில் நான்கு டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் கரையாவிட்டால் அதை உயிரணுக்களுக்குக் கொடுக்காமல், லாட் எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

செறிவைச் சரிபார்க்க 280 நானோமீட்டரில் ஒளியுறிஞ்சலை அளக்கும் ஆசை பலருக்கு வரும். தாங்குபுரதம் உள்ள கரைசலில் நீங்கள் அளப்பது ஆல்புமினைத்தான். சாயத்தால் மொத்தப் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கும் இதே குறை உண்டு. அந்தக் குப்பியைப் பொறுத்தவரை சான்றிதழில் உள்ள எடையை ஏற்றுக்கொண்டு, செயல்திறன் சோதனையில் உண்மையைக் காண்பதே வழி.

6. சிறுபங்குகளும் உறைகலமும்

கரைந்ததும் தாமதமின்றிப் பங்கிட வேண்டும். தாங்குபுரதம் இல்லாத குப்பியை வாங்கி உயிரணு வளர்ப்புக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உறையவைக்கும் முன் 0.1 விழுக்காடு, அதாவது மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பி.எஸ்.ஏ. சேருங்கள். சுவரில் ஒட்டக்கூடிய இடங்களை ஆல்புமின் பிடித்துக்கொள்வதால் உங்கள் புரதம் கரைசலில் தங்குகிறது.

பங்குகளை உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ விரைவாக உறையவைத்து, பிறகு கழித்தல் 80 டிகிரி உறைகலத்துக்கு மாற்றுங்கள். விரைவுக்குக் காரணம் இருக்கிறது. சோடியம் பாஸ்பேட் கரைசல் மெதுவாக உறையும்போது அதிலுள்ள இருசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் பிரிந்து, எஞ்சிய நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அந்த நேரத்தில் புரதம் அமிலத்தில் நனைந்துகொண்டிருக்கிறது.

பனி தானாக உருகும் வகை உறைகலத்தில் புரதத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். அது பனியை நீக்குவதற்காகத் தன்னைத் தானே அடிக்கடி சூடாக்கிக்கொள்கிறது. நீங்கள் ஒருமுறைகூட எடுக்காமலே உங்கள் பங்கு பலமுறை இளகி உறைந்திருக்கும். நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதங்கள் விளங்காதிருந்த ஒரு சிக்கலின் விடை இதுவாகவே இருந்தது. மின்தடை உள்ள இடங்களில் பங்குகளை இரண்டு உறைகலங்களில் பிரித்து வைப்பதும் அவசியம்.

ஒருமுறை இளகிய பங்கை மீண்டும் உறையவைக்க வேண்டாம். தாங்குபுரதம் சேர்ந்திருந்து, தரவுத்தாள் அனுமதித்தால் நான்கு டிகிரியில் வைத்துச் சில நாட்கள் பயன்படுத்தலாம். மீதத்தைக் கொட்டுவது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி செத்த புரதத்தால் வீணாகும் ஒரு மாத உழைப்பின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு.

7. சோதனை நாளன்று நீர்த்தல்

பங்கைப் பனிக்கட்டியில் இளகவிட்டு, ஒரு நொடி சுழற்றி, மெதுவாகக் கலந்த பிறகே எடுங்கள். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை, 0.1 விழுக்காடு பி.எஸ்.ஏ. சேர்ந்த 990 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் விட்டால் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். அதை மேலும் நூறு மடங்கு நீர்த்தால் 10 நானோகிராம். ஸ்டாக்கிலிருந்து ஒரே தாவலாகப் பத்தாயிரம் மடங்கு நீர்க்க 0.5 மைக்ரோலிட்டர் போன்ற அளவுகளைப் பைப்பெட் செய்வது பெரும் பிழையைத் தரும்.

நீர்த்த கரைசலைப் பாலிஸ்டைரீன் குழாயிலோ கண்ணாடியிலோ வைக்காதீர்கள், அன்றே பயன்படுத்துங்கள். சீரம் இல்லாத ஊடகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் படிதான் மிக ஆபத்தானது, ஏனெனில் சீரத்தின் ஆல்புமின் தரும் பாதுகாப்பு அங்கே இல்லை.

சில புரதங்கள் தட்டிலேயே மறைந்துவிடுகின்றன. எஃப்.ஜி.எஃப்.-2 என்ற வளர்ச்சிக் காரணி முப்பத்தேழு டிகிரியில் ஒரு நாளுக்குள்ளேயே தன் செயல்திறனின் பெரும்பகுதியை இழக்கக்கூடியது. ஊடகத்தைத் தினமும் மாற்றுவதும், ஹெப்பாரின் சேர்த்து நிலைப்படுத்துவதும் அதற்காகத்தான். திங்கட்கிழமை சேர்த்த எஃப்.ஜி.எஃப்.-2 வியாழக்கிழமை வரை இருக்கும் என்று எண்ணி எந்தச் சோதனையையும் அமைக்கக் கூடாது.

8. எண்டோடாக்சினைத் தனியே கவனித்தல்

ஈ. கோலையில் உருவான புரதத்தில் அந்தப் பாக்டீரியாவின் உறைப்பொருளான எண்டோடாக்சின் சிறிதளவு எஞ்சியிருக்கும். எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.-4 ஏற்பி உள்ள மோனோசைட், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் உயிரணுக்களில் அதுவே ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆகியவற்றைச் சுரக்கச் செய்துவிடும். புரதத்தின் விளைவு என்று எழுதப்பட்டது எண்டோடாக்சினின் விளைவாக இருக்க இடமுண்டு.

கணக்கிட்டுப் பாருங்கள். சான்றிதழ் மைக்ரோகிராமுக்கு ஒரு எண்டோடாக்சின் அலகு வரை இருக்கலாம் என்றால், மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் புரதத்தோடு 0.01 அலகே வருகிறது. அதே புரதத்தை ஒரு மைக்ரோகிராம் செறிவில் கொடுத்தால் ஒரு முழு அலகு, அதாவது ஏறத்தாழ 0.1 நானோகிராம் எண்டோடாக்சின்; மோனோசைட்டுகள் இந்த அளவுக்கே பதில் தரக்கூடியவை. ஆகவே உயர் செறிவில் வேலை செய்பவர்கள் 0.1 அலகுக்குக் குறைவான லாட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனத்தின் புரதம் தூய்மையாக இருந்தும், நாம் சேர்க்கும் பி.எஸ்.ஏ.வும் நீரும் எண்டோடாக்சினைக் கொண்டுவரலாம். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடிப் பொருட்களை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும்.

இந்தத் தன்மையையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். புரதக் கரைசலின் ஒரு பகுதியை 95 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம் சூடாக்கி உயிரணுக்களுக்குக் கொடுங்கள். பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும், எண்டோடாக்சின் எஞ்சும். சூடாக்கிய கரைசலும் அதே விளைவைத் தந்தால் உங்கள் முடிவை நம்பாதீர்கள். பாலிமிக்சின்-பி சேர்த்த குழி இரண்டாவது சான்றாக அமையும். அது எண்டோடாக்சினைப் பிணைத்து முடக்குகிறது.

9. செயல்திறனைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு புதிய லாட்டுக்கும் ஒருமுறை செறிவு-விளைவு வளைகோடு வரைய வேண்டும். டி.என்.எஃப். ஆல்ஃபாவுக்கு ஆக்டினோமைசின்-டி சேர்த்த எல்929 எலி உயிரணுக்கள் இறப்பதை அளக்கலாம், ஐ.எல்.-2 புரதத்துக்கு சி.டி.எல்.எல்.-2 உயிரணுக்களின் பெருக்கத்தை அளக்கலாம். மில்லிலிட்டருக்கு 0.001 முதல் 10 நானோகிராம் வரை மும்மடங்குப் படிகளில் செல்லுங்கள். மூன்று புள்ளிகள் போதாது. வளைகோட்டின் தட்டையான இரு முனைகளும் தெரிந்தால்தான் பாதி விளைவு தரும் செறிவைக் கணிக்க முடியும்.

பத்து லட்சத்தை அந்தச் செறிவின் நானோகிராம் எண்ணால் வகுத்தால் மில்லிகிராமுக்கு எத்தனை அலகு என்பது வரும். 0.05 நானோகிராம் கிடைத்தால் அது 2 கோடி அலகு. சான்றிதழ் எண்ணிலிருந்து இரண்டு மூன்று மடங்கு விலகுவது உயிரணு ஆய்வில் இயல்பு. பத்து மடங்கு விலகினால் எங்கோ இழப்பு நேர்ந்திருக்கிறது.

உங்கள் சோதனையில் பயன்படுத்தும் செறிவு, வளைகோட்டின் உச்சத்தைத் தாண்டி வெகு தொலைவில் இருக்கக் கூடாது. ஆய்வுக் கட்டுரைகளில் 100 நானோகிராம் என்று கண்டதை அப்படியே எடுத்துக்கொண்டால், தடுப்பான் ஒன்றைச் சோதிக்கும்போது அது தோற்பதாகத் தோன்றும். உண்மையில் தூண்டல் அளவுக்கு மீறி இருக்கும்.

10. உயிரணுக்கள் பதில் தராவிட்டால் தேட வேண்டிய வரிசை

முதலில் உயிரணுக்களைச் சந்தேகியுங்கள்: ஏற்பி அவற்றில் இருக்கிறதா, அவற்றைப் பிரித்து மறுவளர்த்த சுற்றுகளின் எண்ணிக்கை மிகுந்துவிட்டதா என்று பாருங்கள். நன்கு தெரிந்த வேறொரு தூண்டிக்கு அதே தட்டு பதில் தந்தால் உயிரணுக்கள் மீது பழி இல்லை.

அடுத்து உயிரினப் பொருத்தமும் சீரமும். டி.ஜி.எஃப். பீட்டா-1 புரதத்தின் முதிர்ந்த வடிவம் மனிதனிலும் மாட்டிலும் ஒரே வரிசை கொண்டது. மாட்டுச் சீரத்தில் அது செயலற்ற வடிவில் நிறைய இருக்கிறது. சீரம் உள்ள ஊடகத்தில் நீங்கள் சேர்த்த புரதத்தின் விளைவு கட்டுப்பாட்டுக் குழியிலும் தெரியலாம். ஆகவே சீரத்தைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். வாங்கிய குப்பி செயலுள்ள வடிவமா, செயலற்ற வடிவமா என்பதையும் லேபிளில் பாருங்கள்.

மூன்றாவதாக, உறைகலத்திலிருந்து இதுவரை தொடாத ஒரு பங்கை எடுத்து, புதிய பி.எஸ்.ஏ. கரைசலில் நீர்த்து, பழைய பங்கோடு ஒரே தட்டில் ஒப்பிடுங்கள். புதியது வேலை செய்தால் பழுது சேமிப்பில் இருக்கிறது. இரண்டும் தோற்றால், தாங்குபுரதம் சேர்த்த நாள், கரைப்பான், நுரை வந்ததா என்பது வரை உங்கள் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் படியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகே நிறுவனத்துக்கு எழுதுங்கள். லாட் எண், கரைத்த தேதி, கரைப்பான், செறிவு, சேமித்த வெப்பநிலை, நேர்க் கட்டுப்பாட்டின் முடிவு, வளைகோடு ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே இணைத்து அனுப்பினால், அவர்கள் தங்களிடம் எஞ்சியுள்ள அதே லாட்டைச் சோதித்துப் பார்க்கத் தேவையான தகவல் அனைத்தும் அதில் இருக்கும்.